புது வண்டி: முதல் ஆயிரம் கிலோமீட்டர்



கடைசி செமஸ்டர் முடிக்கப் போகிற எவனையாவது பிடித்து, "வேலை கிடைச்சா முதல்ல என்னடா வாங்குவே?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குப் புடவை, தங்கச்சிக்குச் சுடிதார் என்று சபைக்கு ஏற்ற மாதிரி இரண்டு பதில் வரும். மூன்றாவதாக வருவதுதான் மனசுக்குள் இருப்பது. "ஒரு பைக் எடுக்கணும்டா!"

அதில் தப்பே இல்லை. முதல் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத ஊர்களிலிருந்து, ஒரு கையில் டிராப்டரும் மறு கையில் படிக்கட்டுக் கம்பியுமாக மூன்று வருஷம் தொங்கி வந்தவர்கள் நாம். நினைத்த நேரத்தில் கிளம்பலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. அந்தச் சாவியைக் கையில் வாங்கும்போது வருகிற சந்தோஷம் நியாயமான சந்தோஷம்.

வண்டி வந்த அன்று என்ன செய்கிறோம்? பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிறோம். சீட்டின் மேல் இருக்கும் பாலிதீன் உறையைக் கிழிக்க மனசு வராமல் ஒரு மாதம் அப்படியே ஓட்டுகிறோம். பளபளப்பைக் காப்பாற்ற இத்தனை அக்கறை எடுக்கிற நாம், ஷோரூமில் கொடுத்த சின்னப் புத்தகத்தை மட்டும் சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் புத்தகத்தில் 'ரன்னிங் இன்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் பாஷையில் சொன்னால், "வண்டி செட் ஆகற வரைக்கும் பார்த்து ஓட்டுங்க தம்பி." இந்தக் கட்டுரை அந்த ஒரு பக்கத்துக்கு எழுதிய விளக்கவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு பேர் பழகுகிறார்கள். ஒருவர் என்ஜின், இன்னொருவர் ஓட்டுகிற நாம். அந்த நாட்களில் இருவரும் எப்படிப் படிகிறார்களோ, அப்படியேதான் பல வருஷம் ஓடுவார்கள்.

1. சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

காரில் போகிறவருக்கும் பைக்கில் போகிறவருக்கும் வளைவில்தான் வித்தியாசம் தெரியும். கார் இடது பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவரை வலது பக்கம் தள்ளுகிறது. கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பைக்கில் அப்படி இல்லை. வண்டியோடு சேர்ந்து நாமும் வளைவின் உட்பக்கம் சாய்கிறோம். எவ்வளவு சாய வேண்டும்? பயன்பாட்டு இயக்கவியலில் படித்தோமே, அதே சூத்திரம்தான். வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும்.

30 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 40 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. என்றால் வினாடிக்கு 11.1 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 23 டிகிரி வரும். அந்தச் சாய்வில் நம் எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்த மொத்த விசை நேராக முதுகுத்தண்டு வழியே சீட்டுக்குள் இறங்குகிறது. பக்கவாட்டுத் தள்ளலே கிடையாது. உடம்பு எட்டு சதவீதம் கனமாகிவிட்ட மாதிரி மட்டும் இருக்கும். "வளைவிலே வண்டி அப்படியே நம்மளோட ஒட்டிக்கிட்டு வருது மச்சி" என்று சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. வேகத்தில் போகும்போது இடது பக்கம் சாய, இடது கைப்பிடியை லேசாக முன்பக்கம் தள்ளுகிறோம். அதாவது ஹேண்டில்பாரை ஒரு கணம் வலது பக்கம் திருப்புகிறோம்! சக்கரம் வலப்பக்கம் விலக, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கை இதைச் செய்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டிய நாளிலிருந்தே செய்து வருகிறோம், கவனித்ததில்லை. இனிமேல் கவனித்துப் பாருங்கள். தெரிந்து ஓட்டுவதில் தனி ருசி இருக்கிறது.

2. ஒரு சிலிண்டரின் கணக்கு

நம்மில் பலருடைய வீட்டுக்கு வருகிற முதல் வண்டி 100 சி.சி. வண்டிதான். அதையே பார்ப்போம். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 வண்டியில் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரிலும் அதே அளவுதான். விட்டத்தை 5 செ.மீ. என்று எடுத்து, குறுக்குப் பரப்பைக் கண்டுபிடித்து, 4.95 செ.மீ.-ஆல் பெருக்குங்கள். 97.2 கன செ.மீ. வரும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 97.2 இதுதான்.

அதே 1985-இல் வந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ்.100-இன் அளவு 50-க்கு 50. அதாவது 98 சி.சி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு. ஆனால் அது சுமார் 11 குதிரைத்திறன், இது ஏழு எட்டுதான். காரணம் தேர்வில் கேட்கிற கேள்விதான். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. பதிலுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலைச் சிக்கனமாகக் குடித்தது, புகையையும் குறைத்தது. பந்தயத்தில் தோற்றாலும் சந்தையில் ஜெயித்தது அதுதான்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். இந்த மாதிரி வண்டி டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. போகும்போது என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 4,000 சுற்று சுற்றும். 40 கி.மீ. வேகத்தில் ஆயிரம் கி.மீ. போக 25 மணி நேரம், அதாவது 1,500 நிமிஷம். மொத்தம் 60 லட்சம் சுற்றுகள்! ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறது. 49.5-ஐ இரண்டால் பெருக்கினால் 99 மி.மீ. அதை 60 லட்சத்தால் பெருக்குங்கள். 594 கி.மீ. வருகிறது.

யோசித்துப் பாருங்கள். ரோட்டில் நாம் ஆயிரம் கி.மீ. போவதற்குள், பிஸ்டன் ரிங் அந்தச் சின்னச் சிலிண்டர் சுவரில் உரசிக்கொண்டே 594 கி.மீ. போய்விடுகிறது. சென்னையில் கிளம்பி மதுரையையும் தாண்டிப் போகிற தூரம். அதுவும் இரண்டு அங்குல இடத்துக்குள்ளேயே! அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ரிங்கும் சுவரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள்.

3. உள்ளே என்ன நடக்கிறது?

ஒர்க்‌ஷாப்பில் போரிங் முடித்த பிறகு ஹோனிங் செய்வதைப் பார்த்திருப்போம். சிலிண்டர் சுவரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக விடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். கீறல்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். புது ரிங்கின் முகமும் அப்படித்தான். இரண்டும் முதலில் மேட்டுக்கு மேடுதான் தொட்டுக்கொள்கின்றன. ஓட ஓட மேடுகள் தேய்ந்து, ரிங் முழு வட்டத்திலும் சுவரோடு பொருந்துகிறது. இதைத்தான் 'ரிங் செட் ஆகிறது' என்கிறோம்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த ஸ்பிரிங் விசை என்று பலர் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். எரிந்து விரிகிற வாயு, ரிங்கின் மேலும் பின்னும் உள்ள இடைவெளியில் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அதுதான் பெரிய விசை. ஆகவே என்ஜினுக்கு ஓரளவு வேலை கொடுத்தால்தான் ரிங் செட் ஆகும். "புது வண்டி, உருட்டிக்கிட்டே போ" என்று 20-லேயே ஆயிரம் கி.மீ. ஓட்டினால் அதுவும் தவறுதான். ரிங் சரியாகப் பொருந்தாமல், சுவரில் ஆயில் கருகிக் கண்ணாடி மாதிரிப் படிந்துவிடலாம். பிறகு ரிங் அதன் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆயில் மேலே ஏறி எரியும்.

அதற்காக முதல் நாளே முழு முறுக்கு முறுக்கினால்? மேடுகள் உரசுகிற இடங்களில் சூடு திடீரென்று ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டனின் அடிப்பாகத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. இதனால்தான் பிஸ்டனைச் சரியான வட்டமாகச் செய்யாமல் லேசான நீள்வட்டமாகவும், தலைப்பக்கம் சற்றுச் சிறியதாகவும் செய்கிறார்கள். சூடானபின் சரியான வடிவத்துக்கு வரட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கையும் தாண்டிச் சூடு ஏறினால் இடைவெளி மறைந்து, ஆயில் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டும். "வண்டி சீஸ் ஆயிடுச்சு" என்று ரோட்டோரம் நிற்பது அப்போதுதான். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் சுவரில் நெடுக்குக் கோடுகள் விழுந்துவிடும். அவை அழியாது. நீலப் புகை, ஆயில் குடிப்பது, இழுவை குறைவது என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும்.

அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு 36 மாதத் தவணையில் எடுத்துக் கொடுத்த வண்டி, தவணை முடிவதற்குள் புகை கக்கினால் யாருக்கு வேதனை? தவணை முடிந்த பிறகும் பத்து வருஷம் ஓடுகிற வண்டியாக அதை வைத்துக்கொள்வது நம் வலது கையில்தான் இருக்கிறது.

4. அப்படியானால் எப்படி ஓட்டுவது?

வண்டிக்கு வண்டி அளவு மாறும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. பொதுவான விதிகள் இவை:

(அ) கிளப்பியவுடன் முறுக்காதீர்கள். அரை நிமிஷம் ஐடிலில் விடுங்கள். ஆயில் மேல்பாகம் வரை ஏறட்டும். பிறகு முதல் ஒன்றிரண்டு கி.மீ. மெதுவாகப் போய் என்ஜினைச் சூடாக்குங்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சோக் இழுக்கிற வேலை இல்லை. ஆனால் உலோகம் சூடாக எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது.

(ஆ) திராட்டிலைப் பாதிக்கு மேல் திறக்காதீர்கள். ஒவ்வொரு கியருக்கும் புத்தகத்தில் சொன்ன வேகத்தைத் தாண்டாதீர்கள்.

(இ) ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முறுக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைப் பொருத்துகிறது. விடும்போது சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகி, ஆயில் மேலேறிச் சுவரைக் குளிர வைக்கிறது. இரண்டும் வேண்டும்.

(ஈ) டாப் கியரில் 20-இல் போய்த் திணற விடாதீர்கள். "கியர் மாத்த சோம்பேறித்தனமா?" என்று என்ஜின் கேட்பது 'டக் டக்' என்ற சத்தமாகக் கேட்கும். கீழ்க் கியருக்கு வாருங்கள்.

(உ) பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள். 'டிரிபிள்ஸ்' என்றைக்குமே வேண்டாம்.

(ஊ) கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எங்கும் ஓடிவிடாது. முதல் சர்வீஸ் முடிந்த பிறகு போகலாம். நீண்ட தூரம் போக வேண்டி வந்தால் முக்கால் மணிக்கு ஒரு தரம் டீக்கடையில் நிறுத்துங்கள். காற்றால் குளிரும் என்ஜினுக்கும் நல்லது, நமக்கும் டீ.

5. முதல் சர்வீஸை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

"இப்பத்தானே எடுத்தோம், வண்டி சூப்பரா ஓடுதே, சர்வீஸ் எதுக்கு?" என்று கேட்பவர்கள், முதல் சர்வீஸில் வடிக்கிற ஆயிலைக் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் பிடித்து வெயிலில் பார்க்க வேண்டும். ஜிகினா தூவிய மாதிரி மினுக்கும். தேய்ந்த மேடுகள்தான் அவை. ரிங், கியர், பேரிங் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்த உலோகத் துகள்கள். அந்த ஆயிலையே தொடர்ந்து சுற்றவிட்டால் எமரித் தாள் கலந்த ஆயிலை ஊற்றியது போல. எனவே புத்தகத்தில் சொன்ன கி.மீ. அல்லது நாள், எது முதலில் வருகிறதோ அப்போது போய்விடுங்கள்.

ஆயில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்ப்பதுண்டு. என்ஜினுக்கு அது நல்லது. ஆனால் கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தானே! அந்த ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிளேட் வழுக்கலாம். முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் 'ஜாசோ' என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மாமா காருக்கு வாங்கி மீந்த ஆயில் என்று எதையும் ஊற்றாதீர்கள்.

புது செயின் முதலில் சற்றுத் தொய்யும். நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். அதிகமானால் செயின் கழன்று விழும். இறுக்கினால் பேரிங் தேயும். புது டயரும் முதல் நூற்றைம்பது கி.மீ. வரை வழவழப்பாகத்தான் இருக்கும். மேல்தோல் தேயும் வரை வளைவில் அதிகம் சாயாதீர்கள். காற்றை வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு சரிபாருங்கள்.

இப்போது எலெக்ட்ரிக் வண்டிகளும் நம் தெருவில் ஓடுகின்றன. மோட்டாரில் ரிங் கிடையாது, செட் ஆக வேண்டிய சிலிண்டரும் கிடையாது. ஆனால் டயரும் பிரேக்கும் அங்கேயும் புதுசுதான். ஓட்டுகிற ஆளும் புதுசுதான். இனி வருகிற பகுதி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

6. ஓட்டுகிற ஆளுக்கும் ரன்னிங் இன் உண்டு

லைசென்ஸ் வாங்கப் போனால் நம் ஊரில் 'எட்டு' போடச் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் முதல் கியரில் எட்டு போட்டவன் பாஸ். அதுவும் ஒரு திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டு போடுவது மெதுவாகப் போகத் தெரியுமா என்ற தேர்வு. வேகத்தில் போகும்போது நிற்கத் தெரியுமா என்ற தேர்வை ரோடுதான் வைக்கிறது. அதில் சப்ளிமென்டரி கிடையாது.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஒரு மாடு குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் 0.7. இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம்.

40 கி.மீ. வேகத்தில்: யோசிக்கும்போது 11 மீட்டர், பிரேக்கில் 9 மீட்டர். மொத்தம் 20 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில்: 17-உம் 20-உம் சேர்த்து 37 மீட்டர். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம்.
80 கி.மீ. வேகத்தில்: 22-உம் 36-உம் சேர்த்து 58 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. 9 மீட்டர் 36 ஆகிவிட்டது பாருங்கள். இயக்க ஆற்றலில் வேகத்துக்கு வர்க்கம் போட்டு வைத்தது தேர்வுத்தாளுக்காக மட்டுமல்ல.

இன்னொரு விஷயம். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்" என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் பலர். இதையும் கணக்கில் பார்த்துவிடுவோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ, புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ., இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.23 மீட்டர் என்று கொள்ளுங்கள். நிற்கும்போது எடை இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதி. மேலே சொன்ன மாதிரி பலமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. திருப்புத்திறன் எடுத்துப் பார்த்தால் முன் சக்கரத்தின் மேல் சுமார் 84 சதவீதம், பின் சக்கரத்தின் மேல் 16 சதவீதம்தான். எடையே இல்லாத சக்கரத்தை மட்டும் பிடித்தால் எப்படி நிற்கும்? அது பூட்டிக்கொண்டு வழுக்கும். நிற்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

தூக்கி எறிவது முன் பிரேக் அல்ல, முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடுங்குவது. மணலிலும் ஈர ரோட்டிலும் சாய்ந்திருக்கும்போதும் பிடுங்குவது. எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி முதலில் மெல்ல, எடை முன்னால் வந்ததும் பலமாகப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. சிறிய வண்டிகளுக்கு, ஒன்றைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பகிரும் சி.பி.எஸ். வந்தது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமல் காப்பாற்றும். ஆனால் எந்தக் கருவியும் அந்த ஒரு வினாடியைத் திருப்பித் தராது.

ஆகவே முதல் ஆயிரம் கி.மீ.-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆளில்லாத மைதானம், கெட்டியான தரை. 20-இல் போய் நில்லுங்கள். பிறகு 30. பிறகு 40. சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து பிரேக் பிடித்து, எங்கே நின்றோம் என்று காலடியால் அளந்து பாருங்கள். பத்து முறை செய்தால் கை கற்றுக்கொண்டுவிடும். புது வண்டியில் பிரேக் ஷூவும் டிரம்மோடு இன்னும் பொருந்தவில்லை, ஆகவே அதற்கும் சேர்த்து இது பயிற்சி. வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அந்த நாட்களில் கற்றுக்கொண்டால் தப்பிக்கலாம். 80-இல் போகும்போது கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

7. கடைசியாக, தலை

பைக் ஓட்டுவதன் சந்தோஷத்தைப் பற்றி ரசித்து எழுதியவர்களில் ஒருவர் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ். பிரஃப் சுப்பீரியர் என்ற, அந்தக் காலத்தில் மிக உயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஓட்டியவர். யுத்தத்தில் தப்பித்து வந்த அந்த மனிதர், 1935 மே 13-இல் இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பிக் கீழே விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19-இல் இறந்தார். வயது 46.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. ராணுவத்தில் பைக் ஓட்டுகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தன் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே பொதுமக்களுக்கும் கட்டாயம் என்று சட்டம் வர 1973 ஆயிற்று. ஒரு சாவிலிருந்து சட்டம் வரை 38 வருஷம்!

நம் நாட்டுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம் பேர். அவர்களில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நண்பனை ஏற்றிப் போகும்போது இரண்டாவது ஹெல்மெட் எங்கே என்று கேட்க வேண்டிய இடம் இது.

60 கி.மீ. வேகத்தில் போய் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நாலாவது மாடி! 40 கி.மீ. என்றால்கூட 6 மீட்டருக்கு மேல். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகள் கூடுதலாகத் தருகிறது. உயிர் பிழைப்பது அந்த நேரத்தில்தான். ஹெல்மெட் போட்டால் விபத்தில் சாகும் ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு முறை அடி வாங்கி நசுங்கிய தெர்மகோல் மறுபடி எழும்பாது. ஆகவே அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம். வாரைப் பூட்டாமல் போட்டால் அது தொப்பிதான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருகிற ஹெல்மெட் டேங்க்கைத்தான் காப்பாற்றும்.

முடிவாக

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் வண்டி எடுத்த தேதி. பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டர் எண், லிட்டர், காற்று பார்த்த நாள், ஆயில் மாற்றிய நாள். ஆயிரம் கி.மீ. முடிவதற்குள் மைலேஜ் மெல்லக் கூடுவதை நீங்களே எழுத்தில் பார்ப்பீர்கள். ரிங் செட் ஆகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் மெஷின் முன்னால் நிற்கும்போதும் இந்த நோட்டுப் பழக்கம் கை கொடுக்கும்.

ஒரு வண்டியை வெறுமனே வைத்திருப்பவருக்கு அதன் சந்தோஷம் பெயின்ட் மங்கும் வரைதான். அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு, காலையில் ஒரே கிளப்பில் எழுந்து சீராகத் துடிக்கிற ஐடில் சத்தமே போதும். டிப்ளமோ படித்த நமக்கு அந்தக் காது இருக்க வேண்டாமா?

உங்கள் எல்லோருக்கும் சீக்கிரம் வேலை கிடைக்கட்டும். வண்டியும் வரட்டும். எலுமிச்சம்பழம் வைத்து எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று இரவே அந்தப் புத்தகத்தையும் எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள். மறுநாள் காலை ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.